இச்சிரோ சுசூகி: கடைசி ஆட்டமும் அதற்கு முந்தைய 28 சீசன்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பேஸ்பாலின் உச்ச கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் 2025 ஜூலை 27 அன்று இச்சிரோ சுசூகி சேர்க்கப்பட்டார். ஆசியாவில் பிறந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுதான் முதல் முறை. அதன் பிறகு பேஸ்பால் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களும் அவரைப் பற்றிக் கேட்கிறார்கள். அதிகம் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஆட்டத்தின் விதிகள் தெரியாதவர்களும் படிக்கலாம்; தேவையான இடத்தில் சுருக்கமாக விளக்கியிருக்கிறேன்.

யார் இந்த இச்சிரோ?

1973இல் பிறந்தவர். ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் டொயோயாமா என்ற சிற்றூரில் வளர்ந்தார். அப்பா நொபுயுகிதான் முதல் பயிற்சியாளர். பள்ளி முடிந்ததும் பையனை மைதானத்துக்குக் கூட்டிப்போவார். அப்புறம் இயந்திரம் பந்து வீசும் பேட்டிங் சென்டருக்கு. இச்சிரோ இயல்பில் வலது கைக்காரர், பந்தை எறிவதும் வலது கையால்தான். ஆனால் அப்பா அவரை இடது கையால் பேட் பிடிக்கப் பழக்கினார். இடது கை பேட்டர் நிற்கும் பக்கம் முதல் பேஸுக்கு (அடித்ததும் ஓடிச் சேர வேண்டிய முதல் இடம்) ஓரிரண்டு அடி கிட்ட இருக்கும். அந்த ஓரிரண்டு அடிதான் பின்னால் பல நூறு முறை அவரை அவுட்டிலிருந்து காப்பாற்றியது.

‘ஹிட்’ என்றால் என்ன? அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தச் சொல்தான் வருகிறதே?

கிரிக்கெட்டில் பந்தைத் தட்டிவிட்டு ஓடாமல் நிற்கலாம். பேஸ்பாலில் அதற்கு இடமே இல்லை. எல்லைக் கோடுகளுக்குள் பந்து உருண்டால் பேட்டர் ஓடியே ஆக வேண்டும். 90 அடி, அதாவது சுமார் 27 மீட்டர் தூரத்தில் முதல் பேஸ். பந்து அங்கே போய்ச் சேருவதற்குள் இவர் போய்ச் சேர வேண்டும். எதிரணி தவறு ஏதும் செய்யாமல், தன் அடியாலேயே பேஸைப் பிடித்தால் அது ஹிட். பத்து வாய்ப்பில் மூன்று முறை இதைச் செய்பவர் நல்ல பேட்டர். அமெரிக்காவில் 19 சீசன்கள் ஆடிய இச்சிரோவின் சராசரி .311, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 311 ஹிட்.

ஜப்பானில் இருந்தபோதே பெரிய ஆளா?

மிகப் பெரிய ஆள். ஆனால் உடனே அல்ல. ஓரிக்ஸ் புளூவேவ் அணிக்காக 1992இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் இரண்டாம் நிலை அணியில்தான் கழிந்தன. வலது காலை ஊசல் போல ஆட்டி அடிக்கும் அவருடைய பாணி அப்போதைய மேலாளருக்குப் பிடிக்கவில்லை. 1994இல் அகிரா ஓகி மேலாளராக வந்தார். பாணியை மாற்றச் சொல்லவில்லை, தினமும் ஆட வைத்தார். சுசூகி ஜப்பானில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர் என்பதால் வெறும் ‘இச்சிரோ’ என்றே பெயரைப் பதிவு செய்ய வைத்ததும் அவர்தான். அந்த ஆண்டு 130 ஆட்டங்களில் 210 ஹிட். ஜப்பானில் ஒரே சீசனில் 200ஐத் தொட்ட முதல் ஆள் இவரே. அதிலிருந்து 2000 வரை ஏழு ஆண்டுகளும், ஜப்பானின் இரண்டு லீக்குகளில் ஒன்றான பசிபிக் லீக்கின் பேட்டிங் பட்டம் (மிக உயர்ந்த சராசரிக்கானது) வேறு யாருக்கும் போகவில்லை.

இதில் 1995ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜனவரி 17 அதிகாலையில் கோபே நகரைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓரிக்ஸின் சொந்த ஊர் கோபே. சீசனை அங்கே ஆட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, அணி ஊரை விட்டுப் போகவில்லை. சட்டைக் கையில் ‘தாக்குப்பிடிப்போம், கோபே’ என்ற வாசகத்தைத் தைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்த ஆண்டே பசிபிக் லீக்கை வென்றார்கள். அடுத்த ஆண்டு ஜப்பான் சாம்பியன். இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து வந்து உட்கார்ந்த அந்த மக்களுக்கு முன்னால் ஆடியதை வைத்துத்தான் இச்சிரோவை நான் முதலில் மதிக்கிறேன். பதிவேடுகளெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவில் அவரை நம்பினார்களா?

பலர் நம்பவில்லை. ஜப்பானிய பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) அங்கே வென்றிருந்தார்கள். 1964இல் மசனோரி முராகாமி போனார், 1995இல் ஹிடியோ நோமோ பெரும் அலையையே கிளப்பினார். ஆனால் தினமும் களமிறங்கி பேட் பிடிக்கும் ஜப்பானியர் எவரும் அதுவரை அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் ஆடியதில்லை. உடல் ஒல்லி, ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து நான்கு பேஸையும் சுற்றி வருவது) பலம் குறைவு, வேகப்பந்தைச் சமாளிப்பாரா என்று கேட்டார்கள்.

2001 ஏப்ரல் 2, சியாட்டில் மரினர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம், எதிரணி ஓக்லண்ட். இரண்டு ஹிட், அதில் ஒன்று வெறும் பன்ட். பந்தை மெல்லத் தரையில் வைத்துவிட்டு ஓடிப் பிடித்தது. அந்த சீசன் முடிவில் 242 ஹிட், .350 சராசரி, 56 திருட்டு பேஸ் (அடுத்தவர் பந்தை அடிக்காமலேயே, எதிரணியை ஏமாற்றி அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதுகளும் ஒரே ஆண்டில். அதற்கு முன் அப்படி வாங்கியவர் 1975இல் ஃபிரெட் லின் ஒருவர்தான். மரினர்ஸ் அந்த ஆண்டு 116 ஆட்டங்களை வென்று, 1906இல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனையைச் சமன் செய்தது.

‘அந்த எறி’ என்று எல்லோரும் சொல்வது எது?

2001 ஏப்ரல் 11, ஓக்லண்ட், எட்டாவது இன்னிங்ஸ். ஓக்லண்டின் டெரன்ஸ் லாங் முதல் பேஸில் இருக்கிறார். அடுத்தவர் அடித்த பந்து ரைட் ஃபீல்டில் (பேட்டர் பக்கமிருந்து பார்த்தால் வலப்புற வெளி மைதானம்) இச்சிரோவிடம் வருகிறது. ஒற்றை ஹிட்டில் முதல் பேஸிலிருந்து மூன்றாவது வரை ஓடுவது வழக்கமான காரியம்தான், லாங்கும் அதைத்தான் செய்தார். இச்சிரோ பந்தை எடுத்த வேகத்தில் எறிந்தார். அது வளைந்து மேலே போய் இறங்கவில்லை; தரையில் படாமல், கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக மூன்றாவது பேஸில் நின்ற டேவிட் பெல்லின் கையுறைக்குள் போனது. லாங் காலை நீட்டிச் சறுக்கியபோது பந்து அங்கே காத்திருந்தது. பார்க்காதவர்கள் காணொளியைத் தேடிப் பாருங்கள், சில விநாடிகள்தான். சீசன் தொடங்கி பத்து நாள்கூட ஆகாத நிலையில், ரைட் ஃபீல்டுக்குப் பந்து போனால் இனி யோசித்துத்தான் ஓட வேண்டும் என்று லீக் முழுக்கத் தெரிந்துவிட்டது.

2004இல் அவர் முறியடித்த சாதனை எவ்வளவு பழையது?

84 ஆண்டு. 1920இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸின் ஜார்ஜ் சிஸ்லர் ஒரே சீசனில் 257 ஹிட் எடுத்தார். 2004 அக்டோபர் 1, சியாட்டிலில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், முதல் இன்னிங்ஸில் ஒரு ஹிட் எடுத்து இச்சிரோ அதைச் சமன் செய்தார். மூன்றாவது இன்னிங்ஸில் இன்னொன்று எடுத்துத் தாண்டினார். சீசன் முடிவில் 262. இன்றுவரை யாரும் கிட்டே வரவில்லை. சிஸ்லரின் சீசனில் 154 ஆட்டங்கள்தான், இச்சிரோவுக்கு 162 என்ற வாதம் உண்டு. நியாயமான வாதம்தான், அதை மறைக்கத் தேவையில்லை.

அன்றைக்கு சக ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து கட்டிக்கொண்ட பிறகு, அவர் முன்வரிசைக்குப் போனார். அங்கே சிஸ்லரின் மகளும் குடும்பத்தினரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கை கொடுத்து, தலை தாழ்த்தினார். 2009இல் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்காக (லீக்கின் நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்து நடத்தும் ஆண்டு ஆட்டம்) செயின்ட் லூயிஸ் போனபோது மனைவியுடன் சிஸ்லரின் கல்லறைக்கும் போய் மலர் வைத்தார். தான் யாருடைய சாதனையைத் தாண்டினோம் என்பதை மறக்காத ஆட்டக்காரர்கள் குறைவு.

வேறு முக்கியமான தருணங்கள்?

2007 ஆல் ஸ்டார் ஆட்டம், சான் ஃபிரான்சிஸ்கோ: ரைட் ஃபீல்ட் சுவரில் பட்ட பந்து எதிர்பாராத பக்கம் தெறித்து ஓட, அவர் நான்கு பேஸையும் சுற்றி வந்துவிட்டார். பந்து மைதானத்துக்குள்ளேயே இருக்க, ஓடியே எடுத்த ஹோம் ரன். ஆல் ஸ்டார் வரலாற்றில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

2009 உலக பேஸ்பால் கிளாசிக் இறுதிப் போட்டி, லாஸ் ஏஞ்சலிஸ், எதிரணி தென் கொரியா. தொடர் முழுக்க இச்சிரோ சொதப்பிக்கொண்டிருந்தார், ஜப்பானே பதறிக்கொண்டிருந்தது. 3-3 என்ற நிலையில் பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில். வந்த பந்துகளை ஒவ்வொன்றாக வெளியே தட்டிவிட்டுக் காத்திருந்து, கடைசியில் நடுவில் ஒன்றை அடித்தார், இரண்டு ரன். 5-3 என்று ஜப்பான் கோப்பையைத் தக்கவைத்தது. அந்த அழுத்தம் அவரைச் சும்மா விடவில்லை. வயிற்றில் ரத்தக் கசிவுடன் அல்சர் வந்து சீசனின் முதல் எட்டு ஆட்டங்களை ஆட முடியவில்லை. அப்படியும் அந்த ஆண்டு 225 ஹிட் எடுத்து, தொடர்ந்து ஒன்பது ஆண்டு 200ஐத் தொட்ட முதல் ஆள் ஆனார். 2010இல் அது பத்து ஆனது.

2016 ஆகஸ்ட் 7, டென்வர்: மயாமி மார்லின்ஸ் அணிக்காக ஆடியபோது மேஜர் லீக்கில் 3,000ஆவது ஹிட். 42 வயதில், சுவரில் அடித்து மூன்றாவது பேஸ் வரை ஓடிய ஹிட். அப்புறம் அணியின் பெஞ்சில் உட்கார்ந்தவரின் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது.

அப்படியானால் ஹிட் எண்ணிக்கையில் அவர்தான் உலகிலேயே முதலிடமா? பீட் ரோஸ் என்ன ஆனார்?

மேஜர் லீக்கில் ரோஸ் 4,256, இச்சிரோ 3,089. ஜப்பானில் எடுத்த 1,278ஐயும் சேர்த்தால் இச்சிரோவுக்கு 4,367. அமெரிக்கச் சாதனை ரோஸுடையது, அதில் பேச்சே இல்லை. ஆனால் ஜப்பானில் எடுத்ததைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அந்த நாட்களில் ஜப்பானில் ஒரு சீசனுக்கு 130, 135 ஆட்டங்கள்தான். அமெரிக்காவில் அவர் தொடங்கியபோது வயது 27. இருபது வயதிலிருந்து 162 ஆட்ட சீசன்களை ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதும் வீண்தான், நடந்ததைப் பேசுவோம். தொழில்முறை ஆட்டத்தில் 4,367 ஹிட் எடுத்திருக்கிறார். எனக்கு அது போதும்.

மேஜர் லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றிருக்கிறாரா?

இல்லை. அதில் ஆடியதே இல்லை.

அவருடைய வழக்கங்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் அவற்றில் ஒரு நாள்கூட மாற்றம் இருக்காது. பேட்டிங் இடத்துக்கு வந்து கால் ஊன்றியதும், வலது கையை நீட்டி பேட்டை பிட்சரை நோக்கி நிமிர்த்திப் பிடிப்பார். இடது கை வலது தோள் பக்கம் போய்ச் சட்டைக் கையை லேசாக இழுத்துவிடும். அதன் பிறகுதான் பந்தைப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் இதேதான். பேட்களை ஈரம் ஏறாத பெட்டியில் வைத்துக் கொண்டுபோவார். கையுறையைத் தானே துடைத்து எண்ணெய் பூசுவார். ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே மைதானத்துக்கு வந்து உடலைத் தளர்த்தத் தொடங்கிவிடுவார். ரைட் ஃபீல்டில் பந்து வராத நேரத்திலும் காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருப்பார்.

எப்போது ஓய்வு பெற்றார்? கடைசி ஆட்டத்தில் என்ன நடந்தது?

2019 மார்ச் 21, டோக்கியோ டோம். ஆனால் இதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் பின்னால் போக வேண்டும்.

2012இல் நியூயார்க் யாங்கீஸுக்கும் பிறகு மயாமிக்கும் போனவர், 2018இல் 44 வயதில் சியாட்டிலுக்குத் திரும்பினார். மே 3 அன்று அணி அவரை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து எடுத்துத் தலைவரின் சிறப்பு உதவியாளர் என்ற பொறுப்பைக் கொடுத்தது. அந்த சீசனில் இனி ஆட முடியாது. பலர் அதையே ஓய்வு என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆட இடமில்லை என்று தெரிந்தும், சீசன் முடியும் வரை அணியோடு சேர்ந்து அதே நேரத்துக்கு வந்தார், அதே உடற்பயிற்சி, அதே பேட்டிங் பயிற்சி. ஆட்டம் தொடங்கும்போது மட்டும் உள்ளே போய்விடுவார். ஓய்வு அறிவித்த இரவில், எந்தச் சாதனையையும்விட இந்த மாதங்களைத் தாங்கியதில்தான் தனக்குக் கொஞ்சம் பெருமை என்கிற பொருளில் பேசினார். பத்து ஆல் ஸ்டார், பத்து தங்கக் கையுறை (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது), 262 ஹிட் எல்லாம் கையில் இருக்க, யாரும் பார்க்காத பயிற்சியை அவர் முன்னே வைத்தார். இச்சிரோவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2019 சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களை மரினர்ஸும் ஓக்லண்டும் டோக்கியோவில் ஆடின. 45 வயது இச்சிரோ இரண்டிலும் ரைட் ஃபீல்டில் இறங்கினார். இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இதுதான் கடைசி என்ற செய்தி பரவியது. அரங்கில் 45,000 பேருக்கு மேல்.

எட்டாவது இன்னிங்ஸ், 4-4. இரண்டு பேர் அவுட், இரண்டாவது பேஸில் ஒருவர். இச்சிரோ அடித்த பந்து மெதுவாக ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) நோக்கி உருண்டது. இருபது வருடமாக அவர் ஹிட்டாக மாற்றிக் காட்டிய வகை அடி. தலையைக் குனிந்து முழு வேகத்தில் ஓடினார். ஷார்ட்ஸ்டாப் எடுத்து எறிந்தார். மயிரிழையில் அவுட். நான்கு முறை பேட் பிடித்து ஒரு ஹிட்கூட இல்லை.

அடுத்து ஃபீல்டிங்குக்கு ரைட் ஃபீல்டில் போய் நின்றவரை மேலாளர் ஸ்காட் செர்வைஸ் திரும்ப அழைத்தார். மற்றவர்கள் முன்பே மைதானத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்கள், அவர் ஒருவர் மட்டும் தனியாக நடந்து வர வேண்டும் என்பதற்காக. வந்தவர் ஒவ்வொருவராகக் கட்டித் தழுவினார். அன்றுதான் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடிய ஜப்பானிய பிட்சர் யூசெய் கிகுச்சி குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆட்டம் பல நிமிடம் நின்றது. எதிரணியும் நின்று கை தட்டியது. 12 இன்னிங்ஸ் போய் மரினர்ஸ் 5-4 என்று வென்றது. ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை, அவர் திரும்ப வந்து மைதானத்தைச் சுற்றும் வரை.

கடைசி ஆட்டத்தில் ஹிட் இல்லாதது ஏமாற்றம் இல்லையா?

பேஸ்பாலில் விடைபெறல்கள் பலவிதம். லூ கெஹ்ரிக் 1925 முதல் 2,130 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் ஆடியவர். 1939 மே 2 அன்று, உடல் கேட்கவில்லை என்று தானே மேலாளரிடம் போய்த் தன்னை நிறுத்தச் சொன்னார். நரம்புகளைச் சிதைத்து உடலை முடக்கும் ஏஎல்எஸ் நோய் என்று அடுத்த மாதம் தெரிந்தது. ஜூலை 4 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் ஒலிபெருக்கி முன் நின்று, பூமியிலேயே மிகுந்த அதிர்ஷ்டசாலி நான்தான் என்றார். இரண்டு ஆண்டில் இறந்துபோனார், 37 வயது. டெட் வில்லியம்ஸ் 1960 செப்டம்பர் 28 அன்று பாஸ்டனில் கடைசி முறை பேட் பிடித்தபோது ஹோம் ரன் அடித்தார். கூட்டம் எவ்வளவு கத்தியும் தொப்பியைத் தூக்கிக்காட்டவில்லை. பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் 27 ஆட்டங்களை வென்ற சீசன் முடிந்த கையோடு, 30 வயதில், முழங்கை வாதத்தால் நிறுத்திக்கொண்டார்.

வில்லியம்ஸின் ஹோம் ரன்தான் அழகான முடிவு என்பார்கள். எனக்கு இச்சிரோவின் அந்தத் தரை அடிதான் பிடிக்கிறது. முடிந்துபோன ஆட்டக்காரருக்கு யாரும் அன்று ஹிட்டைத் தானமாகக் கொடுக்கவில்லை. ஷார்ட்ஸ்டாப் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார், இவரும் 2001இல் ஓடியதைப் போலவே ஓடினார். 18 வருடம் கழித்தும் எதிரே நின்றது அதே ஓக்லண்ட்.

அந்த இரவு அவர் என்ன பேசினார்?

நள்ளிரவைத் தாண்டி நடந்த செய்தியாளர் சந்திப்பு. ஒரு மணி நேரத்துக்கும் மேல். இன்று இங்கே பார்த்ததற்குப் பிறகு வருத்தம் எப்படி இருக்க முடியும் என்றார். மனைவி யுமிகோ உள்ளூர் ஆட்டங்களுக்காகப் பிடித்துக் கொடுத்த சோற்று உருண்டைகள் 2,800 ஆகியிருந்ததாம். 3,000 வரை அவரைப் பிடிக்க வைத்திருக்கலாமே என்றார். கடைசியாக, அமெரிக்காவுக்குப் போய் அயல்நாட்டவன் ஆன பிறகுதான் பிறர் மனதையும் வலியையும் எண்ணிப் பார்க்கக் கற்றேன் என்றார். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைத்த யாருக்கும் அது நெஞ்சில் தைக்கும்.

ஹால் ஆஃப் ஃபேமில் ஒரே ஒரு ஓட்டு குறைந்ததாமே?

ஆம். 394 பேரில் 393 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். 75 சதவீதம் இருந்தாலே போதும். முழு வாக்கும் பெற்றவர் இதுவரை மரியானோ ரிவேரா ஒருவர்தான். அந்த ஒரு வாக்கை மறுத்தவரை வீட்டுக்கு அழைத்துச் சேர்ந்து குடிக்க விரும்புகிறேன் என்று இச்சிரோ சொன்னார். மறுத்தவர் யார் என்று தோண்டுவதில் எனக்கு ஆர்வமில்லை.

அரசு விருதுக்கு வேறு கதை. ஜப்பானின் மக்கள் கௌரவ விருதை 2001, 2004, 2019 என்று மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

51ஆம் எண்ணை இனி யாரும் அணியலாமா?

சியாட்டிலில் முடியாது. 2025 ஆகஸ்டில் மரினர்ஸ் அந்த எண்ணுக்கு நிரந்தர ஓய்வு கொடுத்தது. அவருக்கு முன்பு அங்கே அதை அணிந்தவர் ராண்டி ஜான்சன். யாங்கீஸில் அந்த எண் பெர்னி வில்லியம்ஸுடையது. அதனால் அங்கே இச்சிரோ 31 அணிந்தார்.

இப்போது என்ன செய்கிறார்?

மரினர்ஸில்தான் இருக்கிறார். யூனிஃபார்ம் போட்டு இளைஞர்களோடு பயிற்சியில் இறங்குகிறார். ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி அணிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கான தகுதியை முறைப்படி பெற்று, ஆண்டுதோறும் பள்ளிகளுக்குப் போகிறார். பெண்கள் பேஸ்பாலுக்கு ஆதரவாக, உயர்நிலைப் பள்ளி மாணவிகளின் தேர்வு அணிக்கு எதிராகவும் ஆடிவருகிறார். 2021 டிசம்பரில் கோபேயில் நடந்த அப்படியொரு ஆட்டத்தில் பிட்சராக இறங்கி, முழு ஆட்டமும் தானே வீசினார், 147 பந்து. அப்போது வயது 48.